கூண்டை நோக்கி நீளும் விரல்

அமர்வு நீதிமன்றத்தில் ஒரு கொள்ளை வழக்கின் விசாரணையை உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இந்தக் கட்டம் தெரிந்திருக்கும். சாட்சி கூண்டேறிச் சத்தியம் செய்து, நடந்ததைச் சொல்லி முடிக்கிறார். அரசு வழக்கறிஞர் கேட்கிறார்: "அன்னைக்கு நீங்க பார்த்த ஆள் இப்ப இந்த கோர்ட்டுல இருக்காரா?" சாட்சி எதிர்ப்பக்கம் கையை நீட்டுகிறார். ஆஜர் எதிரிதான் அந்த நபர் என்று வாக்குமூலத்தில் ஏறுகிறது.

அந்த அறையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் அவர் ஒருவர்தான். பக்கத்தில் காவலர் நிற்கிறார். சம்பவத்தன்று அந்த ஊரிலேயே இல்லாத ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி இதே கேள்வியைக் கேட்டாலும் அவர் கையும் அதே திசையில்தான் நீளும். போதாக்குறைக்கு, சம்பவம் நடந்து வழக்கு சாட்சி விசாரணைக்கு வருவதற்குள் சில ஆண்டுகள் ஓடியிருக்கும். ஆனால் நம் சட்டம் அடிப்படைச் சாட்சியம் என்று மதிப்பது இந்தக் கை நீட்டலைத்தான். சம்பவம் நடந்த சில நாட்களில் அல்லது வாரங்களில், சிறைக்குள் மாஜிஸ்திரேட் முன்னிலையில், வேறு பலரோடு நிறுத்திவைத்து நடத்தப்படும் அடையாள அணிவகுப்புக்குத் துணைச் சாட்சியம் என்ற இடம்தான். நீதிமன்றத்தில் சொன்னதைத் தாங்கிப்பிடிக்க அது உதவலாம். தனியாக நின்று தண்டனை வாங்கித் தராது. வைகுண்டம் சந்திரப்பா வழக்கில் 1960-இல் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது. மல்கான்சிங் வழக்கில் 2003-இலும் அதையே சொன்னது. இடையிலும் பின்பும் பல தீர்ப்புகள் இதே வழியில்தான் போயிருக்கின்றன. நினைவாற்றலைப் பற்றி அறிவியல் இன்று அறிந்திருப்பதை வைத்துப் பார்த்தால், இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து.

தலைகீழானதற்குச் சட்டத்திடம் நியாயமான காரணம் உண்டு. சிறை வளாகத்தில் அடையாளம் காட்டியவர் சத்தியம் செய்து அதைச் செய்யவில்லை. யாரும் அவரைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே சொன்ன சொல், உள்ளே சொன்னதை உறுதிசெய்யவோ மறுக்கவோ மட்டுமே பயன்படும் என்பது சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. 1872-இன் சட்டத்தில் அடையாள அணிவகுப்புக்கு இடம் தந்தது 9-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 7-ஆம் பிரிவாகியிருக்கிறது. எண் மாறியதே தவிர கோட்பாடு மாறவில்லை. அணிவகுப்பைக் காவல்துறை நடத்தாமல் மாஜிஸ்திரேட் நடத்துவதற்கும் இதே போன்றொரு காரணம்தான். காவலர் முன்னிலையில் "இவர்தான்" என்று சாட்சி காட்டுவது காவலரிடம் கொடுத்த வாக்குமூலத்துக்குச் சமம் என்றும், அது நீதிமன்றத்தில் செல்லாது என்றும் 1954-இல் ராம்கிஷன் வழக்கில் முடிவானது.

எது உள்ளே வரலாம் என்ற கேள்வியிலும் நம் நீதிமன்றங்கள் தாராளமாகவே இருக்கின்றன. அணிவகுப்பே நடத்தாமல் நேரே நீதிமன்றத்தில் முதன்முறையாக அடையாளம் காட்டினாலும் அது சாட்சியமாக ஏற்கத்தக்கதே. அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார் என்று 1958-இல் காந்தா பிரசாத் வழக்கில் சொல்லப்பட்டது. கதவில் காவல் இல்லை, எடைபோடுபவர் உள்ளே இருக்கிறார் என்ற ஏற்பாடு இது. ஜூரி இல்லாத, நீதிபதி காரணங்களை எழுதியாக வேண்டிய ஒரு முறையில் இது மோசமான ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது. எதை வைத்து எடைபோடுகிறார் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

அடோல்ஃப் பெக்கின் கதையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நார்வேயில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். 1895 டிசம்பரில் விக்டோரியா தெருவில் ஒரு பெண் அவரை வழிமறித்து, தன் கடிகாரங்களையும் மோதிரங்களையும் ஏமாற்றி வாங்கிப் போனவர் இவர்தான் என்றார். பெக் மறுத்து, புகார் சொல்ல ஒரு காவலரைத் தேடிப் போனார். கைதானது அவரே. தெருவில் போனவர்களைக் கூப்பிட்டு அணிவகுப்பு நிறுத்தினார்கள். நரைத்த தலையும் மீசையும் உள்ளவர் அந்த வரிசையில் பெக் மட்டுமே. ஒருவர் பின் ஒருவராகப் பத்துப் பெண்கள் அவரைக் காட்டினார்கள். 1877-இல் இதே பாணியில் பெண்களை ஏமாற்றி, ஜான் ஸ்மித் என்ற பெயரில் சிறை சென்ற ஒருவன் உண்டு. அவனைக் கைதுசெய்த காவலர் பதினெட்டு ஆண்டு கழித்து வந்து, அந்த ஸ்மித் இவர்தான் என்றார். இரண்டு கையெழுத்தும் ஒன்றே என்று நிபுணர் சாட்சி சொன்னார். 1877-இல் பெக் பெருவில் இருந்தார். அதை நிரூபித்தால் வழக்கே சரிந்துவிடும். ஆனால் ஸ்மித்தின் பழைய வழக்கு இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்லி, அந்தச் சாட்சியத்துக்கு நீதிபதி இடம் தரவில்லை. 1877-இல் ஸ்மித்துக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதாடிய வழக்கறிஞரும் இந்த நீதிபதியும் ஒரே ஆள் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

ஏழாண்டுச் சிறை. 1898-இல் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது ஸ்மித் விருத்தசேதனம் செய்யப்பட்டவன் என்பது தெரியவந்தது, பெக் அப்படியல்ல. இருவரும் வேறு வேறு ஆட்கள் என்பதற்கு உடம்பே சாட்சி சொன்னது. உள்துறை அலுவலகம் பெக்கின் கைதி எண்ணை மாற்றியதோடு நிறுத்திக்கொண்டது. 1901-இல் வெளியே வந்தவர் 1904-இல் மறுபடி கைதானார். மறுபடி சில பெண்கள் அவரைக் காட்ட, மறுபடி குற்றவாளி என்று ஜூரி சொன்னது. இந்த முறை நீதிபதிக்கு மனம் உறுத்தியதால் தண்டனையை ஒத்திவைத்திருந்தார். அந்த இடைவெளியில், ஜூலை மாதம், பெக் சிறைக்குள் இருக்கும்போதே வெளியே அதே மோசடி நடந்து உண்மையான ஆள் பிடிபட்டான். பெக்குக்கு மன்னிப்பும் 5,000 பவுண்டு இழப்பீடும் கிடைத்தன. இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1907-இல் உருவாவதற்கு இந்த வழக்கு ஒரு முக்கியமான காரணம்.

அந்தப் பெண்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஏமாற்றப்பட்டது உண்மை. பெக்கைக் காட்டியபோது அவர்களுக்கு இருந்த நிச்சயமும் உண்மை. எத்தனை கெட்டிக்கார வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்திருந்தாலும் அவர்கள் தடுமாறியிருக்க மாட்டார்கள். பொய்யன் தடுமாறுவான், சொன்ன பொய்யை நினைவில் வைத்திருக்க வேண்டிய பாரம் அவனுக்கு உண்டு. தவறாக நம்புகிறவருக்கு அந்தப் பாரம் கிடையாது. உரைகல் தங்கத்தின் தரத்தைச் சொல்லும், எடையைச் சொல்லாது. குறுக்கு விசாரணையும் நேர்மையை உரசிப் பார்க்க வல்லதே தவிர, நினைவை அளக்க அதனிடம் கருவி இல்லை.

இந்தியச் சாட்சியச் சட்டச் சிந்தனை பெரும்பாலும் பொய்யைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. அதற்கு மண்சார்ந்த காரணங்கள் உண்டு. கிராமத்துக் கோஷ்டிப் பகை, சொல்லிக்கொடுத்துக் கொண்டுவரப்படும் சாட்சி, வேண்டியவர் வேண்டாதவர் கணக்கு, பணத்துக்கும் மிரட்டலுக்கும் பிறழ்ந்துபோகும் சாட்சி என்று இவற்றோடுதான் நம் நீதிபதிகள் தினமும் மல்லுக்கட்டுகிறார்கள். சாட்சிகளை மூன்று வகையாகப் பிரித்த புகழ்பெற்ற தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் பிறந்தது: வடிவேலுத் தேவர் எதிர் சென்னை மாநிலம், 1957. முழுக்க நம்பத்தக்க சாட்சி, முழுக்க நம்பத்தகாத சாட்சி, இரண்டுக்கும் இடைப்பட்டவர். முதல் வகையில் ஒரே ஒரு சாட்சி இருந்தாலும் தண்டிக்கலாம். மூன்றாம் வகையானால் வேறு ஆதாரம் தேட வேண்டும். கொல்லப்பட்டவரின் மனைவி ஒருவருடைய சாட்சியத்தை நம்பியே அந்த வழக்கில் தண்டனை உறுதியானது. கொலையாளி தெரிந்தவராக இருக்கும் வழக்குகளுக்கு இந்தப் பாகுபாடு இன்றும் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரைச் சில நொடிகள் பார்த்துவிட்டு, முழு நேர்மையோடு தவறான ஆளைக் காட்டுபவர் எந்த வகை? பார்க்கவும் கேட்கவும் அவர் அச்சு அசலாக முதல் வகைச் சாட்சி போலவே இருப்பார்.

அந்த நிச்சயம் எங்கிருந்து வருகிறது? கேரி வெல்ஸ், ஏமி பிராட்ஃபீல்டு என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல விடை தருகிறது. பங்கேற்றவர்களுக்கு ஒரு கடைக் கண்காணிப்புக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு சில புகைப்படங்களைக் கொடுத்து, துப்பாக்கிக்காரன் யார் என்று கேட்டார்கள். அந்தப் படங்களில் உண்மையான ஆள் இல்லவே இல்லை. ஆகவே யாரைக் காட்டினாலும் தவறு. காட்டியவர்களில் ஒரு பகுதியினரிடம், சந்தேக நபரைச் சரியாகக் காட்டிவிட்டீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். இன்னொரு பகுதியினரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டுக் கேட்டவர்கள் பின்னர், தேர்ந்தெடுக்கும்போதே தங்களுக்கு நிச்சயமாக இருந்தது என்றார்கள். முகத்தைத் தெளிவாகப் பார்த்ததாகவும் கூர்ந்து கவனித்ததாகவும் சொன்னார்கள். ஒரே ஒரு வார்த்தை, நிச்சயத்தை ஏற்றியதோடு நிற்காமல், பார்த்த நினைவையே திருத்தி எழுதிவிட்டது.

இதற்கு நிஜ வாழ்க்கை உதாரணம் வட கரோலினாவின் ரொனால்டு காட்டன் வழக்கு. 1984-இல் பாலியல் தாக்குதலுக்கு ஆளான மாணவி, தாக்கியவனை அடையாளம் காட்டியே தீர வேண்டும் என்று அந்த நேரத்திலேயே அவன் முகத்தை உற்றுப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டவர். முதலில் புகைப்படங்களில் காட்டனைத் தேர்ந்தெடுத்தார். பிறகு நேரடி அணிவகுப்பில், இரண்டு பேருக்கிடையே தயங்கி, மீண்டும் காட்டனைக் காட்டினார். படத்திலும் வரிசையிலும் இருந்தவர் காட்டன் ஒருவரே. படத்தில் காட்டியவரையே இப்போதும் காட்டியிருக்கிறீர்கள் என்று காவலர் சொன்னார். 1985-இல் விசாரணை வந்தபோது தயக்கத்தின் சுவடே இல்லை. 1987 மறுவிசாரணையில் உண்மையான குற்றவாளியை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவரைப் பார்த்ததே இல்லை என்றார். 1995-இல் டி.என்.ஏ. சோதனை காட்டனை விடுவித்தது. டி.என்.ஏ.யால் விடுதலையான முதல் 250 பேரின் வழக்குகளைச் சட்டப் பேராசிரியர் பிராண்டன் காரெட் ஆராய்ந்தபோது, 190 வழக்குகளில் தவறான அடையாளம் காட்டல் இருந்தது. அவற்றில் விசாரணைப் பதிவு கிடைத்த வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், முதலில் தங்களுக்கு நிச்சயம் இருக்கவில்லை என்பதைச் சாட்சிகளே விசாரணையில் சொல்லியிருந்தார்கள். தண்டனை விழுந்தது கடைசியில் வந்த நிச்சயத்தை நம்பி.

இந்த ஆராய்ச்சிகளோடு நம் தீர்ப்புகள் சில நேரடியாக மோதுகின்றன. கொடூரமான சம்பவம் மனதில் ஆழப் பதிந்துவிடும், ஆகவே காலம் கடந்தாலும் முகம் மறக்காது என்ற வாதம் நம் நீதிமன்றங்களில் செல்வாக்கானது. 1994-இல் பிரிஜ் மோகன் வழக்கில் மூன்று மாதத் தாமதத்தை இந்த அடிப்படையில் ஏற்றார்கள். 2001-இல் தயா சிங் வழக்கில், சம்பவம் நடந்து ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் காட்டிய அடையாளத்தை ஏற்றார்கள். சாட்சிகள் தாங்களே காயம்பட்டவர்கள், குற்றஞ்சாட்டப்பட்டவர் அணிவகுப்புக்கு வர மறுத்திருந்தார் என்பவை கூடுதல் காரணங்கள். மறுபுறம், 1981-இல் வக்கீல் சிங் வழக்கில் மூன்றரை மாதத் தாமதமே ஆபத்து என்று இதே உச்ச நீதிமன்றம் விடுதலை செய்திருக்கிறது. எந்த அளவுகோல் எந்த நாளில் வெளியே வரும் என்று வழக்கறிஞர்களுக்கே தெரியாது. பயம் நினைவைக் கூர்மையாக்கும் என்ற நம்பிக்கையை அமெரிக்க ராணுவத்தின் பயிற்சிப் பள்ளியில் 500-க்கும் மேற்பட்ட வீரர்களிடம் சோதித்துப் பார்த்து, முடிவை 2004-இல் வெளியிட்டார்கள். போர்க்கைதி போல அடைத்துவைத்து, அரை மணிக்கும் மேலாக முகத்துக்கு நேரே நின்று விசாரித்தவரை மறுநாள் நேரடி வரிசையில் அடையாளம் காட்டச் சொன்னார்கள். கடுமையாக மிரட்டப்பட்டவர்களில் சரியாகக் காட்டியவர்கள் 30 சதவீதம். மென்மையாக விசாரிக்கப்பட்டவர்களில் 62 சதவீதம். சம்பவம் மறக்காது என்பது உண்மைதான். முகமும் மறக்காது என்பதற்கு அது உத்தரவாதமாகாது.

இங்கிலாந்து இதே பாடத்தை இரண்டாம் முறை 1970-களில்தான் படித்தது. திரைச்சீலை திருடியதாக டௌஹர்ட்டி என்பவரும், காவலரைச் சுட்டதாக விராக் என்பவரும் தவறான அடையாளத்தால் சிறை சென்ற பின், டெவ்லின் பிரபு தலைமையில் குழு அமைத்து 1976-இல் அறிக்கை வாங்கினார்கள். 1973-ஆம் ஆண்டில் அடையாளம் காட்டலைத் தவிர வேறு ஆதாரமே இல்லாத 347 பேரின் வழக்குகளில் 74 சதவீதம் தண்டனையில் முடிந்ததை அந்தக் குழு கண்டது. அதை அடுத்து வந்த டர்ன்புல் தீர்ப்பு, எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம், என்ன வெளிச்சம், மறைப்பு இருந்ததா என்ற கேள்விகளை வரிசைப்படுத்தியது. நேர்மையான சாட்சியும் தவறலாம் என்று ஜூரியை எச்சரிப்பதை நீதிபதியின் கடமையாக்கியது. பார்த்த சூழல் மோசம், வேறு ஆதாரமும் இல்லை என்றால் வழக்கை ஜூரியிடமே விடக்கூடாது என்றும் சொன்னது.

அமெரிக்கா வழுக்கியது இன்னும் சுவாரசியமான இடத்தில். 1972-இன் பிக்கர்ஸ் தீர்ப்பு நம்பகத்தை அளக்க ஐந்து அளவுகோல்களைத் தந்தது. பார்க்கக் கிடைத்த வாய்ப்பு, செலுத்திய கவனம், காட்டிய நிச்சயம் ஆகியவை அவற்றில் மூன்று. வெல்ஸின் சோதனையில் ஒரு வார்த்தைப் பாராட்டு ஊதிப் பெருக்கியவையும் இந்த மூன்றேதான்! காவலர் எவ்வளவு தவறாக அணிவகுப்பை நடத்துகிறாரோ அவ்வளவு நம்பகமான சாட்சி தயாராவார் என்ற நிலை. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2011-இல் ஹெண்டர்சன் வழக்கில் இந்த அளவுகோல்களைக் கழற்றிவைத்து, ஆராய்ச்சிகளின் அடிப்படையில் புது முறையை எழுதியது. மசாசூசெட்ஸ் 2014-இல், முன்பு அடையாளம் காட்டாத சாட்சி நீதிமன்றத்தில் முதன்முறையாகக் காட்டுவதைத் தக்க காரணம் இருந்தால் ஒழிய அனுமதிப்பதில்லை என்றது. நம் நாட்டில் அடிப்படைச் சாட்சியமாக இருப்பது அங்கே வாசலைத் தாண்டுவதே கடினம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கண்கண்ட சாட்சியே உதவாது என்ற முடிவுக்குச் சிலர் தாவுகிறார்கள். அது தவறு. முறையாக நடத்தப்பட்ட முதல் அணிவகுப்பில், யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன், சாட்சி காட்டும் நிச்சயத்துக்கு நல்ல மதிப்புண்டு என்று வெல்ஸும் இன்னொரு உளவியலாளரான ஜான் விக்ஸ்டட்டும் 2017-இல் எழுதினார்கள். இந்த இருவரோடு நினைவாற்றல் ஆய்வாளர் லோஃப்டஸும் காரெட்டும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் வெளிப்படையானது: ஒரு சந்தேக நபரைப் பற்றிய சாட்சியின் நினைவை ஒரே ஒரு முறைதான் சோதிக்க வேண்டும். முதல் சோதனையே அந்த முகத்தை நினைவில் ஏற்றிவிடும். இரண்டாம் முறை அவர் அடையாளம் காண்பது சம்பவத்தில் பார்த்த முகத்தையா, அணிவகுப்பில் பார்த்த முகத்தையா என்று அவருக்கே தெரியாது. இப்போது நம் கோட்பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் சோதனை துணை, கடைசிச் சோதனை அடிப்படை.

முதல் சோதனையின் தூய்மையைப் பற்றி நம் நீதிமன்றங்கள் கவலைப்படாமல் இல்லை. கைதானவரின் முகத்தைத் துணியால் மூடி அழைத்துவரும் செய்திப் படங்களைப் பார்க்கிறோமே, அணிவகுப்புக்கு முன் சாட்சி கண்ணில் பட்டுவிடக்கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். தமிழ்நாட்டிலிருந்து போன சூரியமூர்த்தி வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் படங்கள் அணிவகுப்புக்கு முன்பே நாளிதழ்களில் வந்துவிட்டதாலும், அவர்கள் காவல் நிலைய லாக்கப்பில் சில நாள் இருந்ததாலும், அந்த அணிவகுப்புக்கு மதிப்பில்லை என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கியது. புகைப்படத்தைப் பார்த்து அடையாளம் காட்டுவதற்கும் அணிவகுப்புக்குச் சமமான மதிப்புத் தந்த தடா சட்டத்தின் 22-ஆம் பிரிவை 1994-இல் கர்த்தார் சிங் வழக்கில் ரத்து செய்தது. தாடியும் நீண்ட முடியும் உள்ள ஒருவரை, அப்படி யாருமே இல்லாத வரிசையில் நிறுத்தியதை 1999-இல் ஏற்க மறுத்தது. பெக்கின் நரைத்த மீசைக்கு நூறாண்டு கழித்தும் அதே தவறு நடந்திருக்கிறது. இவை நல்ல தீர்ப்புகள். ஆனால் இன்று கைதான ஒரு மணி நேரத்தில் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சிசிடிவி காட்சியைத் தொலைக்காட்சி வட்டம் போட்டுத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. சாட்சியின் கைப்பேசியில் என்ன வந்தது என்று கேட்கும் வழக்கம் நம் அணிவகுப்புகளில் வேரூன்றவில்லை.

2024 ஜூலையில் மற்றொரு தமிழ்நாட்டு வழக்கில், இளம்பெண் ஒருவரின் கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சம்பவத்தின்போது அவர் குரங்குக் குல்லா அணிந்திருந்ததாகச் சொல்லப்பட்டது. சாட்சிகளுக்கு அவரை முன்பு தெரியாது. அணிவகுப்பு நடத்தப்படவே இல்லை. நீதிமன்றத்தில் காட்டிய அடையாளம் மட்டுமே இருந்தது. விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றிருந்தன. கதவைத் திறந்து வைத்து உள்ளே எடைபோடலாம் என்ற ஏற்பாட்டின் விலை இதுதான்: எடை சரியாகப் போடப்படும் வரை ஒருவர் சிறையில் இருக்கிறார்.

சட்டத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். குற்றஞ்சாட்டப்பட்டவரை அணிவகுப்பில் நிற்க வைக்கலாம், அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று 2023-இல் முகேஷ் சிங் வழக்கில் தெளிவாகிவிட்டது. ஆகவே முன்பின் தெரியாதவர் சம்பந்தப்பட்ட வழக்கில் அணிவகுப்பைத் தவிர்க்கக் காவல்துறைக்குச் சாக்கு இல்லை. நடத்துபவருக்குச் சந்தேக நபர் யார் என்று தெரியாமல் இருப்பது, வரிசையில் அவன் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்வது, காட்டிய உடனே எவ்வளவு நிச்சயம் என்று சாட்சியின் சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்வது ஆகியவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. உயர் நீதிமன்றங்களின் நடைமுறை விதிகளில் சில வரிகள் போதும். ஒளிப்பதிவுக்குத்தான் சட்டத் திருத்தம் வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, வீட்டைச் சோதனையிட்டுப் பொருளைக் கைப்பற்றும்போது அதை ஒளிப்பதிவு செய்யச் சொல்கிறது. அடையாள அணிவகுப்பைப் பற்றிய 54-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குவது, அடையாளம் காட்டுபவர் உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவராக இருக்கும்போது மட்டும். மற்றச் சாட்சிகளின் முதல் தயக்கத்துக்கு மாஜிஸ்திரேட்டின் குறிப்பைத் தவிர வேறு பதிவு கிடையாது. அந்தக் குறிப்பிலும் யாரைக் காட்டினார் என்பது இருக்கும், எத்தனை நேரம் யோசித்துக் காட்டினார் என்பது பெரும்பாலும் இருக்காது.